அம்மா வீட்டில் வாடகை இல்லை என்று நினைத்தேன்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பி.எட். படித்த இரண்டு வருஷத்தில், எங்கே தங்குவது என்ற ஒரே விஷயத்தில் மட்டும் நான் வீணாக்கிய பணம் 19,500 ரூபாய். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் ஏழு வருஷம் கணக்கு எழுதிச் சேர்த்த 1,60,000 ரூபாயில் இருந்து போன பணம் அது. ஆகவே எனக்குப் பெரிய தொகைதான். பணத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அம்மாவும் நானும் ஒரே வீட்டுக்குள் பத்து நாள் பேசாமல் இருந்தோம். வருகைப்பதிவு 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, மீதியிருந்த எல்லா நாளும் காய்ச்சலோடு கூட வகுப்புக்குப் போய் உட்கார வேண்டியிருந்தது. வேலையை விட்டுவிட்டு இருபத்தெட்டு வயதில் மறுபடி படிக்க ஊருக்கு வருகிறவர்களுக்கு 'வீட்டோடு இருந்து படி, செலவு மிச்சம்' என்று சொல்ல ஊரே இருக்கும். எனக்கும் சொன்னார்கள். அந்த மிச்சத்தை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார் என்று ஒருவர் கூடச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் பாம்பன். அப்பா இல்லை. தம்பி கல்யாணமாகித் தங்கச்சிமடத்துக்குப் போய்விட்டான். அம்மா ஐந்து வருஷமாகத் தனியாகத்தான் இருந்தாள். கடலில் பாசி எடுக்கிற வேலை அவளுக்கு. எனக்கு ராமநாதபுரத்தில் இடம் கிடைத்தது 2022 கடைசியில். எங்கே தங்குவது என்று நான் யோசித்தது ஐந்து நிமிஷம் கூட இருக்காது. அம்மா தனியாக இருக்கிறாள், நான் போனால் துணை. வாடகை இல்லை, சாப்பாடு வீட்டில். காலையில் மதுரைக்குப் போகிற ரயிலில் ஏறினால் ராமநாதபுரம், சாயங்காலம் அதேபோல் திரும்பி வரலாம். சீசன் டிக்கெட் எடுத்தால் மாதத்துக்கு முந்நூறு ரூபாய் கூட ஆகாது என்று கணக்குப் போட்டிருந்தேன். ரயிலில் உட்கார்ந்து படித்துவிடலாம் என்று வேறு ஒரு நினைப்பு. திட்டம் முழுக்க அந்த ஒரு ரயிலின் மேல்தான் நின்றது.

அந்த டிசம்பரிலேயே பாம்பன் ரயில் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். 1914ல் கட்டிய பாலம். கொஞ்ச காலமாகவே வண்டி அதன் மேல் ஊர்ந்துதான் போகும், காற்று பலமாக அடித்தால் நிற்கும். நின்றுபோகும் என்று எங்களுக்கெல்லாம் ஒருவகையில் தெரியும், ஆனால் என் கணக்கில் அதை நான் சேர்க்கவில்லை. ரயில் எல்லாம் பாலத்துக்கு அந்தக் கரையோடு நின்றன. புதிய பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6ஆம் தேதி. அதற்குள் நான் படிப்பை முடித்தே விட்டேன். ஒரே ஒரு வழியை நம்பி இரண்டு வருஷத் திட்டம் போடாதீர்கள் என்று இப்போது யாரிடமாவது சொன்னால், உனக்கு நடந்ததால் சொல்கிறாய் என்று சிரிக்கிறார்கள். ஆமாம், நடந்ததால்தான் சொல்கிறேன்.

சரி, பஸ். பாம்பனில் இருந்து ராமநாதபுரம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். பெண்களுக்குத்தான் பஸ் இலவசமே என்று திருப்பூர்த் தோழி ஒருத்தி கேட்டாள். விடியல் பயணம் சாதாரண நகரப் பேருந்துக்குத்தான். ராமேஸ்வரத்தில் இருந்து வருகிற தொலைதூர வண்டிகளில் டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும். போக வர எழுபது ரூபாய்க்குக் குறையாது. மாணவர் சலுகை அட்டைக்கு முதல் வாரமே எழுதிக் கொடுத்திருக்கலாம். இந்த வயதில் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க வெட்கப்பட்டு ஆறு வாரம் தள்ளிப்போட்டேன். அந்த வெட்கத்துக்கும் ஒரு விலை இருந்தது, அதை 19,500ல் சேர்க்கவில்லை. மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டம் எனக்குக் கிடைக்குமா என்றும் கேட்டார்கள். அப்போது அது அரசுப் பள்ளியில் படித்துவிட்டு முதல் பட்டம் போன்ற படிப்புக்குப் போகிற பெண்பிள்ளைகளுக்கு. பட்டம் முடித்து பி.எட். வந்தவர்களுக்கு இல்லை.

காசை விட நேரம்தான் என்னைக் கொன்றது. நிறுத்தத்தில் காத்திருப்பது, பயணம், இறங்கிக் கல்லூரிக்கு நடப்பது எல்லாம் சேர்த்து நாளுக்கு மூன்றரை மணி நேரம். மாதத்துக்கு இருபத்திரண்டு நாள் என்று வைத்துக்கொண்டால் 77 மணி நேரம், அதாவது மூன்று முழு நாளுக்கும் மேல். பஸ்ஸில் படிக்கலாம் என்பதெல்லாம் உட்கார இடம் கிடைத்தவர்களுக்கு. ராமேஸ்வரத்தில் ஏறியவர்கள் உட்கார்ந்து வருவார்கள், பாம்பன்காரர்கள் நின்றுகொண்டு போவோம். இதில் சுற்றுலா வருகிறவர்கள் ரோட்டுப் பாலத்தின் நடுவிலேயே காரை ஓரம் கட்டிவிட்டு போட்டோ எடுப்பார்கள். பின்னால் வண்டிகள் வரிசையாக நிற்கும். தை அமாவாசை, மாசி அமாவாசை என்று வந்துவிட்டால் முதல் நாளில் இருந்தே ராமேஸ்வரம் பாதை நிரம்பி வழியும். அந்த நாட்களில் முதல் வகுப்பை நான் பிடித்ததே இல்லை.

இதில் எனக்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருந்தது. பாசி எடுக்கிற பெண்கள் எல்லா நாளும் கடலுக்குப் போவதில்லை. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான். பாசி மறுபடி வளர வேண்டும் என்று அவர்களே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. அந்தப் பன்னிரண்டு நாளும் அம்மா கருக்கலிலேயே விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வள்ளத்தில் போய்விடுவாள். திரும்பி வரும்போது பிற்பகல் இரண்டு, மூன்று ஆகிவிடும். அதனால் அமாவாசை சமயத்தில் தண்ணீர் பிடிப்பதும் சமைப்பதும் என் தலையில், ரோட்டில் நெரிசலும் அதே நாளில். அம்மா என்னைச் செய் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நானாகத்தான் இழுத்துப் போட்டுக்கொண்டேன். வீட்டில் சும்மா சாப்பிடுகிறோமே என்ற உறுத்தல். நானாகச் செய்துவிட்டு, அம்மா கவனிக்கவில்லையே என்று உள்ளுக்குள் கோபப்படுவதும் நானே.

எங்கள் வீடு ஒரே அறை, ஒரு சமையல் சாய்ப்பு, முன்னால் திண்ணை. பி.எட். என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பாடம் படிப்பது அதில் பாதி கூட இல்லை. ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டும், பாடத் திட்டம் எழுத வேண்டும், சார்ட் ஒட்ட வேண்டும், அட்டையில் கன உருவங்கள் செய்ய வேண்டும். இதற்குத் தரையில் பரப்பி வைக்க இடமும், இரவு பதினொன்று வரை விளக்கும் வேண்டும். அம்மா எட்டரைக்குப் படுக்கிறவள். விளக்கு எரிந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள், முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள். அந்தத் திரும்பிப் படுப்பதைப் பார்த்துவிட்டு நான் விளக்கை அணைத்துவிடுவேன். ரெக்கார்டு நிற்கும். மறுநாள் அதை முடிப்பதற்காக வகுப்புக்கு மட்டம் போடுவேன். பி.எட். விதிப்படி வகுப்புகளுக்கு 80 சதவீதம், பள்ளியில் போய்ப் பயிற்சி எடுக்கிற காலத்துக்கு 90 சதவீதம் வருகை வேண்டும். கலைக்கல்லூரிப் பழக்கத்தில் எப்படியாவது சரிக்கட்டிவிடலாம் என்று இருந்தவளுக்கு 78 என்று எழுதிய தாளைக் காட்டியபோது கை நடுங்கியது.

'வாடகை இல்லை' என்ற கணக்கும் ஒருநாள் போட்டுப் பார்த்தேன். அம்மா கையில் மாதம் 3,000 கொடுத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். வெளியில் தேநீர், வடை, பசிக்கு ஏதாவது. உறவில் சடங்கு, காதுகுத்து, கல்யாணம் என்று வந்தால் வீட்டில் இருக்கிற பெண் மொய் எழுதித்தான் ஆக வேண்டும். திருப்பூரில் இருந்தபோது வராத அழைப்பெல்லாம் பாம்பனில் வந்தது. கூட்டினால் ஆறாயிரத்தை ஒட்டி வந்து நின்றது. இதைச் சேர்வதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டும். நீங்களாவது போடுங்கள். வீடு, அறை இரண்டுக்கும் தனித்தனித் தாளில் பணத்தை ஒரு பக்கமும் மணி நேரத்தை ஒரு பக்கமும் எழுதுங்கள். பாசத்தை அந்தத் தாளில் எழுத வேண்டாம். அதற்கு வேறு கணக்கு உண்டு, பின்னால் வருகிறேன்.

ஏப்ரல் 15ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. 61 நாள். பாசிக்காரப் பெண்களும் அந்தச் சமயத்தில் 45 நாள் போல கடலில் இறங்க மாட்டார்கள். தெருவே வீட்டில் இருக்கும். அம்மாவும் பகல் முழுக்க வீட்டில், எனக்குத் தேர்வுக்குப் படிக்கும் காலம். வருகிற போகிற பெண்களெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து, "படிக்கிற புள்ளையா, கல்யாணம் எப்போ?" என்று ஒரு சுற்றுக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். ஒரு பெரியம்மா ஒரு மாப்பிள்ளையின் போட்டோவையே கொண்டுவந்துவிட்டார். அம்மா அதை வாங்கி டிவி மேல் வைத்தாள். அவ்வளவுதான். நான் கத்தினேன். "நான் இங்க படிக்க வந்தேனா, உன் வீட்டு வேலைக்கு வந்தேனா?" என்று கேட்டேன். அந்த வார்த்தையை இன்றைக்கு எழுதும்போதும் கூசுகிறது. அம்மா பதில் சொல்லாமல் போட்டோவை எடுத்துத் திருப்பி வைத்தாள். பிறகு பத்து நாள் சோறு இருக்கும், குழம்பு இருக்கும், பேச்சு இருக்காது.

ஜூன் மாதம் ராமநாதபுரத்தில் அறை எடுத்தேன். கோபத்தில் எடுத்த அறை, அதனால் எல்லாத் தவறும் அதில் செய்தேன். பார்த்த இரண்டாவது இடத்திலேயே பணம் கொடுத்தேன். வாடகை 3,000, முன்பணம் 15,000. எழுத்தில் எதுவும் இல்லை, வீட்டுக்காரர் நல்ல மனிதராகத் தெரிந்தார் என்பதே போதும் என்று நினைத்தேன். 2019ல் இருந்து நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறுவிதமாகப் பேசி எழுதிக்கொண்டால் ஒழிய, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. எனக்கு இது தெரிந்தது காலி செய்கிற அன்றைக்கு. தெரிந்திருந்தாலும் சண்டை போட்டிருப்பேனா என்று கேட்டால், மாட்டேன்தான். ஆனால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், வெள்ளையடிக்கக் காசு பிடிப்பார்களா, இந்த இரண்டை மட்டுமாவது ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால் 7,500 ரூபாய் மிஞ்சியிருக்கும். ஒரு மாத வாடகை 3,000, வெள்ளையடிக்க 3,000, குழாய், கதவு, இன்னபிறவுக்கு 1,500 என்று பிடித்துக்கொண்டு பாதியைத்தான் கையில் கொடுத்தார்.

இன்னொன்று தண்ணீர். ராமநாதபுரத்தில் அறை பார்க்கிறவர்கள் ஜன்னலைப் பார்ப்பதற்கு முன்னால் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். என் அறையில் வந்தது உப்புத் தண்ணீர். குளித்தால் தலைமுடி நார் மாதிரி ஆகிவிடும், துணியில் சோப்பு நுரைக்காது. குடிக்க கேன் வாங்கினேன், சமைக்கக் குடத்துக்குக் காசு கொடுத்தேன். பாம்பனிலும் தண்ணீர்க் கஷ்டம்தான், ஆனால் அங்கே எந்தக் குழாயில் எத்தனை மணிக்கு வரும் என்று அம்மாவுக்குத் தெரியும். அந்த அறிவுக்கும் நான் விலை போட்டிருக்கவில்லை.

அரசு விடுதி பற்றி நான் விசாரிக்கவே இல்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் கல்லூரி விடுதிகளுக்கு வீட்டின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று இப்போதைய அறிவிப்புகளில் போடுகிறார்கள். வீட்டுக்கும் கல்லூரிக்கும் எட்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குக் கிடையாது. சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். எனக்கு வயதாகிவிட்டது, சின்னப் பிள்ளைகளோடு எப்படி என்று நானே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு அந்தப் படியை மிதிக்கவில்லை. கேட்டுப் பார்த்து இல்லை என்று சொல்லியிருந்தால் வேறு. கேட்காமலே விட்டதுதான் உறுத்துகிறது. சேர்க்கைக் கடிதம் கையில் வந்த வாரமே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள நலத்துறையில் போய்க் கேளுங்கள்.

முதல் மாதம் அறையில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். இரவு ஒரு மணி வரை விளக்கு எரியும். தரை முழுக்கச் சார்ட். யாரும் திரும்பிப் படுக்கவில்லை. ஆறு வாரத்து ரெக்கார்டை இருபது நாளில் முடித்தேன். கல்லூரிக்குப் பத்து நிமிஷ நடை, ஒருநாள் கூடத் தாமதம் இல்லை. இரண்டாவது மாதம் அந்த அமைதியே காதுக்குள் இரைய ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்து மாலை வரை ஒரு மனிதரிடமும் பேசவில்லை என்று உணர்ந்து, கடைக்குப் போய்த் தேவையில்லாமல் ஒரு தேங்காய் வாங்கிப் பேரம் பேசினேன். அம்மாவுக்குப் போன் செய்தால் "சாப்ட்டியா", "சாப்ட்டேன்", "நீ?", "ஆச்சு", அவ்வளவுதான்.

ஆகஸ்டில் அம்மாவுக்குக் காலில் அடிபட்டது. கடலுக்குள் பாரில், அதாவது பாறைத் திட்டில், கால் வைத்தபோது கிழித்துவிட்டது. ஒன்பது நாள் என்னிடம் சொல்லவில்லை. தினமும் "ஆச்சு" என்றுதான் சொன்னாள். பக்கத்து வீட்டு மதினி வேறு எதற்கோ பேசும்போது வாய்தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓடிப்போய்ப் பார்த்தால் கால் வீங்கிக் கிடக்கிறது, மஞ்சள் பற்று போட்டு வைத்திருக்கிறாள். மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டு, மருந்து கட்டி, ஒரு வாரத்தில் சரியானது. அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், மதினியிடம் உட்கார்ந்து பேசியது. "அம்மா நல்லா இருக்கேன்னு சொல்லுவா. நீங்க பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க" என்றேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவருக்குப் போன். தனியாக இருக்கிற அம்மாவையோ அப்பாவையோ விட்டுப் போகிறவர்கள் இதை முதல் நாளே செய்யுங்கள். பெற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டிலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இதை எழுத வைத்தது. கால் சம்பவத்துக்குப் பிறகு எனக்குக் குற்ற உணர்ச்சி. அறையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கே போய்விடலாம் என்று முடிவுக்கு வந்திருந்தேன். செப்டம்பரில் ஒரு புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் சாயங்கால பஸ் பிடித்தேன். அம்மாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று. தெருமுனையிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுத் திண்ணையிலும் அறையிலுமாக ஆறு பெண்கள், அம்மாவின் குழுவில் உள்ளவர்கள். நடுவில் அவித்த மரவள்ளிக் கிழங்கு ஒரு தட்டில். அம்மா யாரையோ மாதிரி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள், கையை இடுப்பில் வைத்து, கழுத்தை ஒடித்து. அம்மாவுக்கு இப்படியெல்லாம் நடிக்க வரும் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் கையை இறக்கினாள். "என்ன புள்ள, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஐந்து நிமிஷத்தில் வீடு நான் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிட்டது.

இரவு கேட்டேன். இவர்கள் எப்போதும் வருவார்களா என்று. "புதன்கிழமை புதன்கிழமை வருவாளுக. நாலஞ்சு வருஷமா" என்றாள். நான் இருந்த ஏழு மாதத்தில் ஒருவர் கூட அப்படி வந்ததில்லையே என்றேன். தடைக்காலத்தில் திண்ணையில் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்டவர்கள் வேறு ஆட்கள், இவர்கள் இல்லை. "நீ படிச்சுக்கிட்டு இருப்ப. நான்தான் வரவேணாம்னேன்" என்றாள். குறை சொல்லும் குரல் இல்லை. பாசி விலை சொல்வது போலச் சொன்னாள். நான் விளக்கை அணைத்துக்கொண்டிருந்த அந்த ஏழு மாதமும் அம்மா புதன்கிழமையை அணைத்து வைத்திருந்தாள். தனியாக இருக்கிறாளே, துணைக்குப் போகிறேன் என்றுதான் நான் வந்தேன். அவளுக்கு ஏற்கெனவே ஒரு வாழ்க்கை இருந்தது, அதில் நான் கட்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சுதந்திரம் வேண்டும் என்று கத்தியது நான். சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தது அம்மா. மேலே சொன்ன வேறு கணக்கு இதுதான். வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் தன் சுதந்திரம் எவ்வளவு போகும் என்று மட்டும் பார்க்கிறோம்.

அன்று இரவு முதல் தடவையாக நாங்கள் பேரம் பேசினோம், சந்தையில் பேசுகிற மாதிரி, கூச்சமில்லாமல். நான் வெள்ளி இரவு வருவேன், ஞாயிறு மாலை போவேன். புதன்கிழமை அவளுடையது, நான் வர வேண்டுமென்றால் சொல்லிவிட்டு வர வேண்டும். திண்ணையில் ஒரு விளக்கு மாட்டுவது, நான் அங்கே எழுதுவது. கடலுக்குப் போகிற நாளில் நான் வீட்டில் இருந்தால் காலைச் சமையல் என்னுடையது, மற்ற நாளில் நான் சமையல் சாய்ப்புக்குள்ளேயே வரக் கூடாது. இந்தக் கடைசி விதி அவள் போட்டது. நான் பாத்திரங்களை இடம் மாற்றி வைத்துவிடுகிறேனாம், பத்து மாதமாக அது அவளுக்கு எரிச்சலாம். மாப்பிள்ளை போட்டோ தேர்வு முடியும் வரை வாங்குவதில்லை. மாதம் 3,000 வேண்டாம், 1,500 போதும் என்றாள். நான் மறுத்தேன், 2,000த்தில் முடிந்தது. இந்தப் பேச்சு நான் திருப்பூரில் இருந்து பெட்டியோடு வந்து இறங்கிய முதல் வாரத்தில் நடந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் அம்மாவிடம் நிபந்தனை பேசுவது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். பேசாமல் இருந்து, சில மாதம் கழித்துக் கத்துவதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

அப்புறம், அந்த 19,500ல் மீதி 12,000 ரூபாய் போன கதை. பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் போய்ப் பாடம் நடத்த வேண்டும். பாடத்திட்டத்தில் முதல் நாளே அச்சடித்துக் கொடுத்த விஷயம். நான் அறை எடுத்தபோது அதை நினைக்கவே இல்லை. எனக்குக் கிடைத்த பள்ளி எங்கள் ஊரில் இருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். ஆக, நான்கு மாதம் அம்மா வீட்டில் இருந்து பள்ளிக்குப் போனேன், ராமநாதபுரத்தில் பூட்டிக் கிடந்த அறைக்கு மாதம் 3,000 கட்டினேன். காலி செய்தால் முன்பணத்தில் பிடிப்பார், திரும்பி வரும்போது மறுபடி இடம் தேட வேண்டும் என்ற பயம். பிடிக்கத்தான் செய்தார் கடைசியில். இரண்டு வருஷத்துக்கும் ஒரே ஏற்பாடு என்று முடிவு செய்யாதீர்கள். வகுப்பு இருக்கும் மாதங்கள், பள்ளிக்குப் போகும் மாதங்கள், தேர்வுக்குப் படிக்கும் மாதங்கள் என்று தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். பாதியில் சேர்ந்துகொள்ள ஒரு தோழியைத் தேடியிருந்தால் கூட அந்த வாடகையில் பாதி குறைந்திருக்கும்.

அந்த நான்கு மாதம்தான் அம்மாவோடு நான் இருந்ததிலேயே நல்ல காலம். ஏழாம் வகுப்பில் முழுக்கள் நடத்தினால் பிள்ளைகளுக்கு எதிர்மறை எண் புரியவில்லை என்று புலம்பினேன். அம்மா கேட்டுவிட்டு, "கடல் மட்டத்துக்கு மேல, கீழனு சொல்லு. இங்க உள்ள புள்ளைகளுக்கு அது போதும்" என்றாள். சார்ட்டில் வள்ளமும், தண்ணீருக்கு மேல் கொடிமரமும், கீழே மீனும் பாசியும் வரைந்துகொண்டு போனேன். அந்தப் பாடத்துக்கு எனக்கு நல்ல மதிப்பெண். புதன்கிழமைகளில் நான் தம்பி வீட்டுக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போது தட்டில் எனக்கென்று இரண்டு துண்டு கிழங்கு மூடி வைத்திருக்கும்.

2024ல் தேர்வு முடிந்து அறையைக் காலி செய்தேன். ஒரு பாய், ஒரு ஸ்டவ், மூன்று கட்டு ரெக்கார்டு நோட்டு, சுருட்டிய சார்ட்டுகள். பஸ்ஸில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் இறக்கினேன். அம்மா சாமான்களைப் பார்த்தாள், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள்.

"எத்தனை நாள் இருப்ப?" என்று கேட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். நானும் காலண்டரைப் பார்த்தேன். அமாவாசை முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. உச்சிப்புளிப் பக்கம் ஒரு பள்ளியில் நேர்காணலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"பௌர்ணமி வரைக்கும். அப்புறம் வேலை கிடைக்கறதைப் பொறுத்துப் பேசிக்கலாம்" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, திண்ணையில் இருந்த சார்ட் சுருளை எடுத்துப் பரணில் செருகினாள்.